எந்தக் கால் நல்ல கால்?

எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு படிகள். கீழே இருப்பது தேய்ந்து வழவழத்த கருங்கல். அதற்கு மேல் இருப்பது நிலைப்படி. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் ஓடும் நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். அந்த அஞ்சடியிலிருந்து வீட்டுக்குள் போக இரண்டையும் ஏறியாக வேண்டும். மணமாகி வந்த நாள்முதல் ஏறி இறங்கிய படிகள்; எழுபத்தொரு வயதுவரை அவற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு, நான் தொடர்ந்து பினாங்கில் வாழ்வதா, மகளோடு கோலாலம்பூருக்குப் போய்விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவற்றின்மேல் விழுந்தது.

ஒரு காலைப்பொழுதில் வழிபாட்டுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது நார் என் வலக்கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், கை வரவில்லை. கணவரை அழைத்தேன். நான் அழைத்த சொல் வேறு, அவர் காதில் விழுந்த ஒலி வேறு. அவர் வந்து என் முகத்தைப் பார்த்தார்; வாய் ஒருபுறமாகச் சரிந்திருப்பதைக் கண்டார்; உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தார். வாழ்நாளில் எதற்கும் அவசரப்பட்டறியாத மனிதர் அன்று ஒருநாள் அவசரப்பட்டதைத் திருவருள் என்றே கொள்கிறேன். இரண்டு வாரத்தில் பேச்சுத் திரும்பியது. வலக்கை பாதியளவு திரும்பியது. வலக்கால் மட்டும் வேறொருவருடைய காலைப்போல என் உடம்போடு கூடவே வந்துகொண்டிருந்தது.

மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பத்து நாள் தங்கினாள். மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பிய அன்று, என் சக்கர நாற்காலியை வாசற்படியில் ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டதை அவள் பார்த்தாள். அன்று மாலையே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

“அம்மா, அங்க லிஃப்ட் இருக்கு. பாத்ரூம்ல படி கிடையாது. ரூம் ரெடி, கட்டில்கூட வாங்கிட்டேன். இங்க அப்பா ஒருத்தரா உங்களைத் தூக்க முடியுமா?”

“என்னைத் தூக்கவே ஒரு ஆளு வேணும்லா,” என்றார் என் கணவர்.

“ஜோக் அடிக்காதீங்கப்பா. நான் சீரியஸா பேசுறேன்.”

அவள் சொன்னதில் குற்றம் காண இயலாது. தாயைத் தொலைவில் விட்டுவிட்டு ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் நெஞ்சு பதறுவது அவளுக்கும் எளிதன்று. கோலாலம்பூரிலும் கோயில்கள் உண்டு. இறைவன் அங்கும் இருக்கிறான். ஆயினும் ஒரு வீட்டின் தலைவியாக இருந்தவள் மற்றொரு வீட்டில் நன்றாகக் கவனிக்கப்படுகிறவளாக மாறுவது சிறிய மாற்றமன்று. அதை நான் சொல்லவில்லை. என் முகத்தில் அவள் படித்திருக்கவேண்டும்.

“சரி, மூணு மாசம்,” என்றாள். “யாரும் பிடிக்காம நீங்க இந்த ரெண்டு படியையும் ஏறி இறங்கிக் காட்டணும். ஃபிசியோ வந்து பார்த்து ஓகே சொல்லணும். இல்லாட்டி என்கூட வந்துடணும். டீலா?”

“டீல்,” என்று நானும் சொன்னேன். தமிழாசிரியையாக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிசெய்தவளின் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு என் கணவர் நெடுநேரம் சிரித்தார்.

எனக்கு நடைபழக்கிய பெண் பைராம் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவள். மணமாகிச் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருந்தாள். மருத்துவமனைக்கு மோட்டார் சைக்கிளில் வருவாள். தலைக்கவசத்தைக் கழற்றியதும் கலைந்த முடியை ஒரு கையால் முடிந்துகொண்டே மற்றொரு கையால் என் இடுப்பில் பட்டையைக் கட்டிவிடுவாள். இணையாக நிற்கும் இரண்டு கம்பிகளுக்கிடையே முதலில் நின்றேன். பிறகு உடலின் எடையை இடமும் வலமும் மாற்றினேன். மூன்றாம் வாரத்தில் நான்கு முனைகள் கொண்ட ஊன்றுகோலை இடக்கையில் பிடித்து நடந்தேன். வலப்பாதம் தொங்கிப்போகாமல் இருக்கக் கணுக்காலுக்கு ஒரு தாங்கி கொடுத்தார்கள். அதைச் சப்பாத்துக்குள் அல்லவா அணியவேண்டும்? வீட்டுக்குள் காலணியோடு நடப்பதா என்று நான் தயங்கியபோது, என் கணவர் தெருவையே மிதித்திராத புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிவந்து, “இது வீட்டுச் சப்பாத்து, வெளிய போனா கோவிச்சுக்கும்,” என்றார்.

என் நடை ஒழுங்கில்லாமல் இருந்தது. ஓரடி நீளம், ஓரடி குறைவு. அந்தப் பெண் தன் கைப்பேசியில் ‘டிக், டிக்’ என்று ஒலிக்கும் ஒன்றைத் திறந்துவைத்து, “ஆண்ட்டி, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கால்,” என்றாள். அந்த ஒலி எனக்குத் தண்ணீர்க்குழாய் சொட்டுவதுபோல் இருந்ததேயன்றிக் காலை எடுக்கச் சொல்லவில்லை. “நான் பாடிக்கொண்டே நடக்கலாமா?” என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பெண்கள் கூடிப் பாடும் பதிகங்களில் ஒன்றை மெல்லத் தொடங்கினேன். சீர்தோறும் ஒரு கால் விழுந்தது. அடி முடியுமிடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கிடைத்தது. பாட்டின் வரிக்கும் பாதத்துக்கும் அடி என்று ஒரே பெயர் வைத்தவர்களை அன்று மனத்துக்குள் வணங்கினேன். அந்தப் பெண் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அதன்பின் என் பயிற்சியை நிமிடத்தால் அளக்கவில்லை. “இன்னிக்கு ரெண்டு பாட்டு நடந்துட்டீங்க,” “இன்னிக்கு நாலு பாட்டு,” என்று அவளே எழுதிக்கொள்வாள். ஒரு முழுப் பதிகத்துக்கும் நிற்காமல் நடந்த நாளில், பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்த சீனப் பெரியவர் கைதட்டினார்.

எட்டாம் வாரம் படிப்பயிற்சிக்கு வந்தோம். அங்கேதான் நான் தவறு செய்தேன்.

அன்று பயிற்சி நேரம் முடியும் தறுவாய். மரப்படியில் வேறொருவர் ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னை நாற்காலியில் அமர்த்தி, வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

“ஆண்ட்டி, ரொம்ப ஈஸி. ஏறும்போது நல்ல காலை முதல்ல வைங்க. இறங்கும்போது மத்த கால் முதல்ல. நல்லது மேல சொர்க்கத்துக்குப் போகும், கெட்டது கீழ நரகத்துக்குப் போகும். அப்படி ஞாபகம் வச்சுக்கிட்டா மறக்காது. வீட்டுல அங்கிளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கீழ்ப்படியில மட்டும் பழகுங்க.”

என் உள்ளம் குளிர்ந்தது. தோட்டத்தில் வளர்ந்த பெண்ணாயினும் எவ்வளவு முறை தெரிந்தவள்! நல்ல கால் என்பதற்கு என் வாழ்நாள் முழுவதும் ஒரே பொருள்தான். மணப்பெண் நல்ல காலை எடுத்துவைத்துப் புகுந்தவீட்டுக்குள் வருவாள். புதுமனைக்குள் பால்குடத்தோடு நல்ல காலை வைத்து நுழைவோம். தேர்வுக்குப் போகும் மாணவரிடம் நல்ல காலை வைத்துக் கிளம்பு என்று நான் சொல்லியனுப்பாத ஆண்டில்லை. நல்ல கால் வலக்கால். இதில் ஐயம் கொள்ள என்ன இருக்கிறது? மருத்துவமும் மரபும் ஒன்றையே சொல்லக் கேட்ட மகிழ்ச்சியில், அவள் எந்தக் காலைக் குறித்தாள் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாட்கள் வலக்காலை முதலில் வைத்துப் பழகினேன். அந்தக் கால் எளிதில் உயராது. உயர்ந்தாலும் நுனி கல்லில் தட்டும். தட்டாமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால், உடலின் முழு எடையையும் அந்த ஒரு முழங்கால் தூக்கவேண்டும், அது நடுங்கும். வியர்வையில் சேலை நனையும். அந்த வருத்தத்தை நான் நோன்பாக எண்ணி ஏற்றுக்கொண்டேன். என் கணவர் ஒரு கையில் கோப்பிக் கோப்பையுடன் அருகில் நிற்பார்.

பன்னிரண்டாம் நாள் மாலை கால்நுனி கல்லின் விளிம்பில் மாட்டியது. முழங்கால் மடங்கியது. என் கணவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்தார். கோப்பி அவர் மறுகையிலிருந்து என் சேலையில் கொட்டியது. நான் கல்லின்மேல் முழங்காலிட்டதுபோல் விழுந்தேன். அடுத்த கடைவீட்டில் நாசி கண்டார் என்னும் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய் கரண்டியோடு ஓடிவந்து என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

“யா அல்லா! அக்கா, அடி பட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பினார். “ஏன்ணே, நீங்க புடிக்க நிக்கிறீங்களா, வேடிக்கை பார்க்க நிக்கிறீங்களா?”

“ரெண்டுக்கும்தான் தம்பி. இன்னிக்கு வேடிக்கை கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு.”

அவர் வாய் அப்படிச் சொன்னதேயன்றி முகம் வெளுத்திருந்தது. என் முழங்காலில் தோல் உரிந்திருந்ததற்கு மேல் ஒன்றுமில்லை. ஆயினும் உள்ளே வந்ததும் அவர், “மககிட்ட சொல்ல வேணாம்,” என்று மெல்லச் சொன்னார். மறைக்கவேண்டிய அளவுக்கு அவரும் இவ்வீட்டைவிட்டுப் போக அஞ்சுகிறார் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. அவர் அதுவரை அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அடுத்த பயிற்சியில் அந்தப் பெண் என் முழங்காலைப் பார்த்தாள். “எப்படி விழுந்தீங்க? அதே மாதிரி ஏறிக் காட்டுங்க,” என்று என் இடுப்புப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் மரப்படியின்முன் நின்று வலக்காலை உயர்த்தினேன்.

“ஐயோ ஆண்ட்டி! நல்ல காலுன்னு சொன்னேன்ல?”

“நல்ல காலைத்தானே வைக்கிறேன்?”

அவள் என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“என் தப்புதான் ஆண்ட்டி. சத்தியமா என் தப்பு. நல்லா இருக்குற காலைச் சொன்னேன். உங்களுக்கு லெஃப்ட்தான் நல்ல கால். எங்க மாமியார் என்னை வீட்டுக்குள்ள கூப்பிடும்போது இதே வார்த்தைதான் சொன்னாங்க, எனக்குத் தோணவே இல்ல பாருங்க! மலாய்க்காரங்ககிட்ட சொல்றேன், சீனவங்ககிட்ட சொல்றேன், ஒருத்தரும் இப்படிப் பண்ணலை.”

நானும் சிரித்தேன். நலமான கால் முதலில் ஏறி உடலைத் தூக்கவேண்டும், நலிந்த கால் பின்னால் சேரவேண்டும். இறங்கும்போது நலிந்த கால் முதலில் இறங்க, நலமான கால் மேலே நின்று தாங்கவேண்டும் என்று இப்போது கால்களைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். இடக்காலை முதலில் வைத்து மரப்படியில் ஏறினேன். பன்னிரண்டு நாள் வியர்வையில் வராதது ஒரே முயற்சியில் வந்தது. நான்கு படிகள் ஏறி நின்று கீழே பார்த்தபோது, ஊர்த்திருவிழாவைத் தேர்மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்றுதான் எண்ணினேன். தீரவில்லை. மருத்துவமனையின் படி வெறும் படி. வீட்டுப்படி வாசற்படி. அந்த நிலைப்படியில் வெள்ளிதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறோம். அதில் திருமகள் உறைகிறாள் என்று நம்புகிறோம். அதை இடக்காலால் தாண்டி வீட்டுக்குள் வருவதா? அஞ்சடியில் நின்று இடக்காலைத் தூக்குவேன், கருங்கல்மேல் ஏறிவிடுவேன், நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிடுவேன். நலமாயிருந்த அந்தக் கால் அங்கே வந்தால் மட்டும் அசையாது. தவணைக்கு இரண்டு வாரமே எஞ்சியிருந்தது.

என் கணவர் வழிகள் சொல்லிப் பார்த்தார்.

“பின்னாடிச் சந்து வழியா வா டீச்சர். அது வாசலே இல்ல, குப்பை எடுக்குற வழி.”

“குப்பை போற வழியா நான் வரணுமா?”

“அப்ப திரும்பி நின்னு பின்பக்கமா ஏறு. எந்தக் கால் முதல்லன்னு சாமிக்கே குழம்பிடும்.”

அவர் கேலி செய்தாலும், தவணை நெருங்க நெருங்கக் கோப்பிக்கடைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே சுற்றிவந்தார்.

என் வலக்கை பாதியளவே திரும்பியிருந்ததால் வழிபாட்டறைப் பித்தளையை விளக்கும் வேலை அவருடையதாகியிருந்தது. அவர் கோயிலுக்குப் போவது பெரும்பாலும் சர்க்கரைப் பொங்கலுக்காக. எனினும் வியாழன்தோறும் பின்கட்டின் திறந்த முற்றத்தில் குந்தி, புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு, விளக்கையும் மணியையும் திருமேனிகளையும் ஒன்றுவிடாமல் தேய்ப்பார். அந்த வாரம் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

“ஏ டீச்சர், இங்க வா. ஒரு டவுட்டு.”

ஒரு பாட்டு நடையில் போய்ச் சேர்ந்தேன். அவர் கையில் ஆடவல்லானின் திருமேனி, பாதி பளபளத்தும் பாதி கறுத்தும் இருந்தது.

“இவர் தூக்கிக்கிட்டு நிக்கிறாரே, இது எந்தக் கால்?”

“கால்னு சொல்லாதீங்க. திருவடின்னு சொல்லுங்க.”

“சரி, திருவடி. லெஃப்டா, ரைட்டா?”

பார்த்தேன். “இடது.”

“நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய், கொடு கொடுன்னு கேட்டுப் பாடுறது தூக்குன திருவடியத்தானே? மிதிச்சதை இல்லையே?”

“ஆமாம். தூக்கிய திருவடியில்தான் அருள்.”

“பார்த்தியா. தாங்குறது ரைட்டு, தூக்குறது லெஃப்டு. உங்க சாமியே அந்த ஃபிசியோ பொண்ணுகிட்டதான் டிரைனிங் எடுத்திருக்கார் போல,” என்று சொல்லிவிட்டு, அந்தத் திருவடியின் இடுக்கில் புளியை வைத்து மும்முரமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்த பாதம் இடப்பாதம் என்பது எனக்குத் தெரியாததன்று. மாணவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்; கேட்டால் உறக்கத்திலும் விடை சொல்வேன். நூற்றுக்கணக்கான பாடல்களில் அந்தப் பாதத்தின் நிழலை வேண்டியிருக்கிறேன். ஆனால் அது ஒரு கால் என்பதும், எனக்கும் அதே பக்கத்தில் ஒரு கால் இருக்கிறது என்பதும் என் நினைவில் ஒருபோதும் ஒன்றாக நின்றதில்லை. பாடாதவர் புளியும் கையுமாகக் கண்டுகொண்டார்.

இறைவனின் கூத்து வேறு, மனிதரின் வாசல் வழக்கம் வேறு. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளக்கலாகாது என்று கற்றவர் ஒருவர் மறுக்கக்கூடும். மறுப்பு சரியானதே. எனக்கு அன்று வேண்டியிருந்தது வாதத்தில் வெற்றியன்று. இடப்பாதத்தைத் தூக்குவது இழிவு என்ற அச்சம் நெஞ்சிலிருந்து விலகினால் போதும். அது விலகிவிட்டது. அன்று மாலையே அஞ்சடியில் இறங்கி நின்றேன். நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியாததால் மனத்தால் ஒற்றிக்கொண்டு, இடக்காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். வலக்கால் ஊன்றி நின்று தன் பங்கைச் செய்தது.

தவணை நாள் ஒரு சனிக்கிழமை. மகள் காலையிலேயே கோலாலம்பூரிலிருந்து காரில் வந்துவிட்டாள். நடைபழக்கும் பெண் தன் விடுமுறை நாளிலும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். மகள் வாசலுக்குள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றாள்.

“கையை எடுங்கக்கா. நீங்க நீட்டினா அவங்க உங்க கையைத்தான் பார்ப்பாங்க,” என்று அந்தப் பெண் அதட்டினாள்.

பாட்டை வாய்விட்டுப் பாடவில்லை, உதட்டளவில் வைத்துக்கொண்டேன். இடக்கால் ஏறியது, ஊன்றுகோலும் வலக்காலும் சேர்ந்தன. மீண்டும் இடக்கால் நிலைப்படியைத் தாண்டியது. வலக்கால் அதன் விளிம்பை உரசாமல் வந்து சேர்ந்தது. உள்ளே நின்று மூச்சு வாங்கினேன்.

“சூப்பர் ஆண்ட்டி. இப்ப இறங்கிக் காட்டுங்க.”

இறங்கும்போது நலிந்த கால் முதலில். அஞ்சடியை நோக்கி வலக்காலை வெளியே வைத்தபோது ஒன்றை உணர்ந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது வலக்காலை முன்வைக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் தவறப்போவதில்லை. மருத்துவ விதியே அதைக் காத்துத்தருகிறது. சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காதீங்கம்மா, படியைப் பாருங்க!” என்று மகள் பதறினாள். சிரித்துக்கொண்டே இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். மூன்று முறை.

“ஓகே,” என்றாள் அந்தப் பெண். “என் பக்கம் ஓகே. ஆனா ரெண்டு மாசம் இன்னும் கிளினிக் வரணும்.”

விழுந்ததை அப்பொழுது நானே அவளிடம் சொன்னேன். சொல்லாமல் வெற்றிபெறுவது எனக்கு ஒப்பவில்லை. அவள் தந்தையை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

“அப்ப அந்தக் கட்டிலை என்ன பண்றது?” என்று கடைசியில் கேட்டாள்.

“வித்துடாதே,” என்றார் அவர். “தீபாவளிக்கு வர்றோம்ல. விருந்தாளிக்குக் கட்டில் வேணும்.”

கட்டிலில் விட்டுக்கொடுத்தவள் மற்றொன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலுக்குக் கைப்பிடி வைத்து முடிக்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையாயினும் எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்துவந்தாள். அவர் மலாய்க்காரர், துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று கேட்டார். மகள் இடம் என்றாள். என் கணவர் வலம் என்றார். நான் அஞ்சடியில் நின்று யோசித்தேன். பிடிக்கக்கூடிய கை இடக்கை ஒன்றே. ஏறும்போது அது ஒருபுறம் இருக்கும். திரும்பி இறங்கும்போது மறுபுறம் போய்விடும். “இரண்டு பக்கமும்,” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சுவரில் பென்சிலால் கோடிட்டார்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்தாள், அவை அசையவில்லை. பிறகு காரை எடுத்தாள். நானும் என் கணவரும் வாசலுக்குள் நின்று, தெருமுனையில் அது திரும்பும்வரை கையசைத்து வழியனுப்பினோம்.